‘7 நாளில் 5 கிலோ’: எதிலிருந்து குறையுது, எதுவா குறையுது?

மொபைலைத் திறந்தால் போதும், ‘7 நாளில் 5 கிலோ குறையுங்கள்’ என்று ஒரு விளம்பரம் வந்து நிற்கிறது. எண் பெரிசுதான். ஆனால், எதிலிருந்து 5 கிலோ, எதுவாக 5 கிலோ என்பதை விளம்பரம் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. நகைக்கடையில் இப்படி இருக்க மாட்டோம். ‘சேதாரம் எத்தனை பர்சென்ட்?’ என்பதுதான் அங்கே முதல் கேள்வி. கிராமில் சொன்னால், ‘எத்தனை பவுனுக்கு?’ என்று திருப்பிக் கேட்போம். (அந்தச் சேதாரத்தில் எவ்வளவு நிஜமாகவே பட்டறையில் உதிர்ந்தது என்பது வேறு கதை!) உடம்பு விஷயத்தில் மட்டும் அந்தக் கேள்வி காணாமல் போய்விடுகிறது.

வெறும் எண் எப்படி ஏமாற்றும் என்பதற்குச் சூரியனைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. அது ஒவ்வொரு விநாடியும் சுமார் 40 லட்சம் டன் எடையை இழக்கிறது. (அறிவியல் பாடத்தில் ‘நிறை’ என்பார்கள், இங்கே பேச்சுவழக்கில் ‘எடை’ என்றே வைத்துக்கொள்வோம்.) ஹைட்ரஜன் இணைந்து ஹீலியமாகும்போது சுமார் 0.7 சதவீதம் எடை காணாமல் போய், ஒளியாகவும் வெப்பமாகவும் வெளியேறுகிறது. கேட்டால் பகீர் என்றுதான் இருக்கும். ஆனால், 460 கோடி ஆண்டுகளாக இப்படி எரிந்த பிறகும், ஒளியாக அது இழந்தது மொத்த எடையில் சுமார் 0.03 சதவீதம்தான்.

இப்போது ஒரு மோதிரம். வியன்னாவைச் சேர்ந்த வேதியியலாளர் கெயோர்க் ஸ்டைன்ஹவுசர், தன் திருமண மோதிரத்தை வாராவாரம் எடை போட்டு, ஒரு வருட முடிவை 2008-ல் வெளியிட்டார். ஐந்தரை கிராமுக்குச் சற்று மேல் இருந்த அந்தத் தங்க மோதிரம் ஒரே வருடத்தில் இழந்தது சுமார் 6 மில்லிகிராம். கண்ணுக்கே தெரியாத அளவு. சதவீதமாகப் பார்த்தால் 0.11. அதாவது, சூரியன் 460 கோடி ஆண்டுகளில் ஒளியாக இழந்த விகிதத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல், விரலில் கிடந்த மோதிரம் ஒரே வருடத்தில் இழந்துவிட்டது.

எல்லா நட்சத்திரமும் சூரியன் மாதிரி சிக்கனமானதும் இல்லை. நாம் திருவாதிரை என்று சொல்லும் நட்சத்திரம், ஆண்டுக்குச் சூரிய எடையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் வாயுவை வீசிக்கொண்டிருக்கிறது. 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் அது திடீரென்று மங்கியபோது ‘வெடிக்கப்போகுது’ என்று செய்திகள் பறந்தன. கடைசியில் பார்த்தால், அது உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி, அதையே மறைத்திருந்தது. சூரியனுக்கு இன்றைய இழப்பு பொருட்டே இல்லை. ஆனால் திருவாதிரை போன்ற நட்சத்திரங்களுக்கு எப்படி முதுமை வரும் என்பதையே இந்த இழப்பு மாற்றக்கூடியது.

சரி, உடம்புக்கு வருவோம். 10 கிலோ கொழுப்பு குறைந்தால் அது எங்கே போகிறது? ‘எரிஞ்சு எனர்ஜியா மாறிடுது’ என்பீர்கள். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 2014-ல் இதே கேள்வியை டாக்டர்கள், உணவியல் நிபுணர்கள், ஜிம் பயிற்சியாளர்களிடம் கேட்டபோது, பாதிக்கும் மேற்பட்டவர்கள் அதைத்தான் சொன்னார்கள். சரியான விடை: 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் போகிறது, மீதி 1.6 கிலோ நீராக வெளியேறுகிறது. எடையையே சக்தியாக மாற்றுவது சூரியன் செய்கிற வேலை. ஒரு கிலோ கொழுப்பு தரும் சுமார் 7,700 கலோரியை ஐன்ஸ்டைனின் சமன்பாட்டில் போட்டால், சக்தியாக மாறிய எடை ஒரு கிராமின் 20 லட்சத்தில் ஒரு பங்குகூட வராது.

இந்தக் கணக்கை வைத்து விளம்பரத்தைத் திரும்பப் பாருங்கள். 5 கிலோ கொழுப்பு என்றால் 38,500 கலோரி. 7 நாளுக்கு வகுத்தால் தினமும் 5,500. அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் ஒரு நாளில் செலவழிப்பதே 2,000 கலோரிக்குப் பக்கத்தில்தான். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தாலும் இந்தக் கணக்கு இடிக்கும்.

அப்படியென்றால் தராசு காட்டுவது பொய்யா? பொய் இல்லை. கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு அரை கிலோ அளவுக்கு இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சோறு, இட்லியை நிறுத்திய சில நாளில் இந்தச் சேமிப்பு கரைந்து, தண்ணீரும் சேர்ந்து போய்விடும். அதிலேயே இரண்டு கிலோ வரை இறங்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரியாணி, கிளைக்கோஜனும் தண்ணீரும் திரும்பி வர ஆரம்பித்துவிடும். வயிற்றில் கட்டும் வியர்வை பெல்ட்டும் இதே ரகம்தான். வெறும் தண்ணீர்.

தண்ணீர் போனால்கூடப் பரவாயில்லை, திரும்பி வரும். அவசர டயட்டில் தசையும் சேர்ந்து கரைகிறதே, அதுதான் நஷ்டம். தசையை மீட்க மாதக்கணக்கில் உழைக்கணும். இப்போது பிரபலமாகிவரும் எடைக்குறைப்பு ஊசிகளிலும் கேள்வி இதேதான்: குறைந்ததில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு? இந்தப் பிரிப்பைச் சொல்லாமல் கிலோவை மட்டும் காட்டி வாடிக்கையாளரை இழுப்பது, சேதாரத்தை மறைத்துத் தங்கம் விற்பதுக்குச் சமம் என்பேன்.

இதற்கு நேர் எதிரான ஆபத்து ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றி நாம் பேசுவதே குறைவு. எந்த முயற்சியும் இல்லாமல் எடை இறங்கினாலும், ‘என்ன ப்ரோ, செமயா ஸ்லிம் ஆயிட்டீங்க!’ என்று பாராட்டிவிடுகிறோம். முயற்சி செய்யாமலேயே 6 முதல் 12 மாதத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால், காரணம் தேட வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் பொதுவான அளவுகோல். இங்கேயும் சதவீதம்தான். 80 கிலோ உள்ளவருக்கு அது 4 கிலோ. 42 கிலோ உள்ள அம்மாவுக்கோ 2 கிலோவே அதிகம். ‘ரெண்டு கிலோதானே’ என்று வீட்டில் விட்டுவிடுவது இப்படித்தான். காரணம் சர்க்கரை நோயாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், காசநோயாகவோ புற்றுநோயாகவோகூட இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் சேர்ந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். காசநோய்க்கான சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம்.