இலைச் சாற்றில் ஒரு கணக்கு

டி.என்.ஏ. கணிமை பற்றிப் பேச்செடுத்தால் ஆய்வரங்குகளில் எழும் முதல் கேள்வி, அது சிலிக்கானை வெல்லுமா என்பதே. வேகமே அளவுகோல் என்றால் வெல்லாது. ஆனால் அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு இத்துறையைப் புறந்தள்ளுவது, படகைப் பார்த்து இது சாலையில் ஓடுமா என்று கேட்பதற்கு ஒப்பாகும். இடுக்கியின் ஏலத்தோட்டங்களிலிருந்து பார்த்தால் கேள்வியே வேறாகிவிடுகிறது.

1994இல் லியோனார்டு ஏடில்மன் ஏழு முனைகள் கொண்ட ஒரு வரைபடத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முனையையும் ஒருமுறை மட்டும் தொட்டுச் செல்லும் பாதையை டி.என்.ஏ. இழைகளைக் கொண்டு கண்டறிந்தார். ஒவ்வொரு முனைக்கும் இருபது எழுத்து நீளமுள்ள ஓர் இழை. கோடிக்கணக்கான இழைகள் சோதனைக் குழாயில் ஒரே நேரத்தில் இணைந்து எல்லாப் பாதைகளையும் உருவாக்கின; தவறான பாதைகளைக் களைந்தெடுக்க ஏறத்தாழ ஒரு வார ஆய்வக உழைப்பு தேவைப்பட்டது. மறு ஆண்டே யூரிஸ் ஹார்ட்மானிஸ் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார்: இதே முறையில் இருநூறு முனைகளுக்கு விடை காண வேண்டுமானால், தேவைப்படும் டி.என்.ஏ.வின் எடை பூமியின் எடையை விஞ்சும். 2000இல் லாரா லேண்ட்வெபரின் பிரின்ஸ்டன் குழுவினர் ஆர்.என்.ஏ.வைக் கொண்டு சதுரங்கக் குதிரைகளை ஒன்றையொன்று தாக்காதவாறு நிறுத்தும் புதிருக்கு விடை கண்டனர். பலகையின் அளவோ மூன்றுக்கு மூன்று கட்டங்கள்தாம். துறையின் எல்லை அன்றே தெளிவாகிவிட்டது.

இந்த வரலாற்றில் தமிழகத்துக்கும் இடமுண்டு. நொதிகள் டி.என்.ஏ.வை வெட்டுவதையும் ஒட்டுவதையும் சொற்களை வெட்டி ஒட்டும் இலக்கண விதிகளாகக் கருதலாம் என்று 1987இல் டாம் ஹெட் எழுதினார். ஏடில்மனின் சோதனைக்கு ஈராண்டு முன்னரே, 1992இல், அக்கோட்பாட்டை வட்ட வடிவ டி.என்.ஏ.வுக்கு விரித்துக் கட்டுரை வெளியிட்டனர் ராணி சிரோமணி, கே.ஜி. சுப்பிரமணியன், வி.ஆர். தாரே ஆகியோர். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வேரூன்றிய மரபு அது. கோலங்களுக்கு இலக்கணம் வகுத்த அதே மரபு. கோட்பாட்டில் முன்னே நின்றவர்களின் வழிவந்த கணினியியல் மாணவர்களில் எத்தனை பேர் இன்று ஒரு பிப்பெட்டைக் கையால் தொட்டிருப்பார்கள்?

மூலக்கூறு கணிமைக்கு உரிய இடம், உள்ளீடே மூலக்கூறாக இருக்கும் இடம். இந்தியாவின் ஏலக்காயில் பெரும்பகுதி இடுக்கியில் விளைகிறது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகத் தேனி மாவட்டத் தொழிலாளர்கள் நாள்தோறும் மலையேறிச் சென்று வேலை செய்யும் தோட்டங்கள் அவை. அங்கே ஏலச்செடியைத் தாக்கும் கட்டே எனும் தேமல் நோய் ஓர் ஆர்.என்.ஏ. வைரசால் வருவது, அசுவினிப் பூச்சியாலும் நோயுற்ற நடவுக் கிழங்காலும் பரவுவது. மருந்து கிடையாது, நோயுற்ற தூரைப் பிடுங்கி அழிப்பதே வழி. இளந்தளிரில் வெளிறிய கோடுகள் தென்படும்போது அண்டைச் செடிக்கும் நோய் போயிருக்கக்கூடும். ஆகவே கோடு விழும் முன்பே இலைச் சாற்றைப் படித்தறிவதுதான் தேவை.

அவ்வாறு படிக்கும் பொறி கற்பனையன்று. 2014இல் அலெக்சாண்டர் கிரீனும் ஜேம்ஸ் காலின்சும் குழுவினரும் டோஹோல்டு ஸ்விட்ச் எனும் ஆர்.என்.ஏ. விசையை வெளியிட்டனர். கொண்டை ஊசிபோல் மடிந்து கிடக்கும் அவ்விழை, தனக்குப் பொருந்தும் ஆர்.என்.ஏ. வந்து பற்றினால் மட்டுமே விரியும், விரிந்தபின் ரைபோசோம் அதைப் படித்துப் புரதம் ஆக்கும், நிறம் மாறும். அதே ஆண்டில் இத்தகைய பொறிகளைக் காகிதத்தில் உறைய வைத்து உலர்த்திப் பயன்படுத்தும் முறை வந்தது. 2016இல் அம்முறையால் சிகா வைரசை இனங்கண்டனர். 2017இல் ‘மற்றும்’, ‘அல்லது’, ‘அன்று’ எனும் தருக்கச் செயல்களை ஆர்.என்.ஏ.வே பாக்டீரியாவுக்குள் செய்து காட்டியது.

இதற்கு ஆர்.டி.பி.சி.ஆர். போதாதா என்று கேட்கலாம். ஆய்வகத்தில் போதும், தோட்டத்து வரப்பில் போதாது. தருக்கம் தேவைப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிறம் மாறாத காகிதத்துக்கு இரண்டு பொருள்: நோயில்லை அல்லது சோதனையே பழுது. செடியின் சொந்த ஆர்.என்.ஏ. இருந்து வைரசின் ஆர்.என்.ஏ. இல்லாதபோது மட்டும் ‘நோயில்லை’ என்று சொல்லும் காகிதம் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும். ‘இல்லை’ என்ற விடையை நம்பத்தக்கதாக்குவது கணினியியலின் பணி.

இடர்கள் சிறியன அல்ல. இலைச் சாற்றிலுள்ள நொதிகள் ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும், வைரசின் அளவு குறைவாயின் முதலில் அதைப் பெருக்க வேண்டும், சிறு விவசாயிக்குக் கட்டுபடியாகும் விலையும் வேண்டும். இவற்றைத் தாளில் தேற்றம் எழுதி மட்டும் தீர்க்க இயலாது.

பாலக்காட்டில் 2015இல் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. இடுக்கியில் மயிலாடும்பாறையிலும் பாம்பாடும்பாறையிலும் ஏலக்காய் ஆய்வு நிலையங்கள் இருக்கின்றன. இத்தகைய இருவகை நிறுவனங்களுக்கு இடையே ஓர் ஆய்வு மாணவர் தடையின்றி நடமாட வேண்டுமானால் மூன்று செய்தாக வேண்டும். கணினியியல் ஆய்வாளருக்கு ஆறு மாத ஈர ஆய்வகப் பயிற்சி, மதிப்பெண்ணுக்குரிய பாடமாக வேண்டும். தாவர நோயியலாளர் இணை நெறியாளராவது எளிதாக வேண்டும். முறையாகச் செய்து தோற்ற சோதனையும் ஆய்வேட்டின் ஓர் இயலாக ஏற்கப்பட வேண்டும். இவற்றுக்கும் மேலாக, இரு துறைகளையும் கற்றவரை நேர்காணலில் ‘உமது பாடம் எது?’ என்று மடக்கி, இரண்டிலிருந்தும் வெளியே நிறுத்தும் வழக்கம் ஒழிய வேண்டும்.

சிலிக்கானோடு போட்டியிடும் கனவை இத்துறை கைவிட்டதில் இழப்பில்லை. ஒரு தளிர் வெளிறும் முன் அதன் நிலையைச் சரியாகச் சொல்ல முடிந்தால், அந்தக் கணக்கின் பயன் அடுத்த தூருக்குப் போய்ச் சேரும்.