சாம்பல் நாரையும் செந்நாரையும்



பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர்கள் ஏரிக்கரையில் எடுத்த படங்களைப் பார்த்தேன். நெட்டையாக நின்றால் எல்லாமே உங்களுக்குக் 'கொக்கு'! போகட்டும், இரண்டு பறவைகளையாவது பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். காரணத்தோடுதான் சொல்கிறேன்.

சாம்பல் நாரையும் செந்நாரையும் ஒரே பேரினத்துப் பங்காளிகள். இரண்டும் மீன், தவளை தின்னும்; கழுத்தை மடக்கியபடி பறக்கும். சாம்பல் நாரை சற்றுப் பெரியது. வெளுத்த தலை, கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை. செந்நாரை ஒல்லி. பாம்பு போல நெளியும் செம்பழுப்புக் கழுத்தில் நெடுகக் கறுப்புக் கோடு, உச்சந்தலையும் கறுப்பு. அதன் கால்விரல்களைக் கவனியுங்கள், அவ்வளவு நீளம். கோரைக்கு நடுவிலும் மிதக்கும் செடிகள் மேலும் நடக்க அது வேண்டும்.

குணம்தான் நேர்மாறு. சாம்பல் நாரை திறந்த தண்ணீரில் எல்லோரும் பார்க்க நிற்கும். மரத்தில் கூடு கட்டும். வேடந்தாங்கலில் சுலபமாகப் பார்க்கலாம். செந்நாரை கடைசி பெஞ்ச். (கடைசி பெஞ்சுக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், எனக்குப் பிடித்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.) நாணலோடு நாணலாக நிற்கும். கூடும் பெரும்பாலும் அந்தப் புதருக்குள்தான்.

இப்போது ஏரிச் சீரமைப்பு என்றால் என்ன செய்கிறோம்? சம்பு, கோரை, நாணல் எல்லாவற்றையும் பொக்லைன் வைத்து வழித்தெடுத்து, கரைக்குக் கல் பதித்து, நடைபாதை போட்டு, விளக்கும் வைக்கிறோம். பார்க்க அழகுதான். சாம்பல் நாரையும் வந்து நிற்கும். 'பறவை வருகிறதே' என்று நமக்கும் திருப்தி. வராமல் போனது செந்நாரை. அது முன்பும் கண்ணில் பட்டதில்லை, அதனால் யாரும் தேடுவதில்லை.

தூர் வாரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆகாயத்தாமரை தென்னமெரிக்காவிலிருந்து வந்தது, அதை அகற்றத்தான் வேண்டும். சம்பும் விட்டால் ஏரியையே மூடிவிடும். ஆனால் ஆழம் குறைந்த ஒரு பக்கத்தையாவது கோரையோடு அப்படியே விடலாமே? பள்ளிக்கரணை 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நம் ஊர் ஏரிக்கு அப்படி எந்தப் பட்டியலும் இல்லை. நாம்தான் பேச வேண்டும்.

என் மாணவர்களில் பொறியாளர்கள் இருக்கிறீர்கள், ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறீர்கள், வார்டு உறுப்பினர்களும் இருக்கிறீர்கள். அடுத்த திட்ட வரைபடம் கையில் வரும்போது எந்த மூலையை விடப்போகிறீர்கள் என்று இங்கேயே எழுதுங்கள். செந்நாரைப் படம் இருந்தாலும் போடுங்கள்.