வீட்டில் கட்டிய பைக்குக்கும் பரிசோதனை வேண்டும்

பழைய பைக் ஒன்றில் வேறொரு வண்டியின் பின்சக்கரத்தைப் பொருத்த நினைப்பவர் முதலில் போய் நிற்பது லேத் பட்டறையில். கடைய வேண்டியது என்னவோ சின்ன இரும்பு உருளைதான். ஆனால் சக்கரத்துக்குள் இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே நிற்கும் ஸ்பேசர் நீளம் குறைந்தால், ஆக்சில் நட்டை இறுக்கும்போது பேரிங் பக்கவாட்டில் அழுந்தி, சூடேறி, சீக்கிரமே உயிரை விடும். வெளிப்பக்க புஷ் அளவு தவறினாலோ செயின் கோணலாக ஓடி ஸ்ப்ராக்கெட் பற்களைத் தின்றுவிடும்.

டிரம் பிரேக் வண்டியில் இன்னும் பெரிய வம்பு உண்டு. பிரேக் தட்டைச் சுழலவிடாமல் பிடித்திருப்பது ஒரே ஒரு கம்பி. அதற்காகச் செய்த பிராக்கெட்டின் வெல்டிங் விட்டுப்போனால், பிரேக் அடித்ததுமே தட்டும் சக்கரத்தோடு சுற்றப் பார்க்கும். சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளலாம். அதனால்தான் தேர்ந்த கைக்காரர் முதலில் அட்டையில் வெட்டிப் பார்க்கிறார். பிறகு தகடு. அதையும் அங்கங்கே புள்ளி வைத்துப் பற்றவைத்து, வண்டியில் மாட்டி அளந்த பிறகே முழு வெல்டிங். ஆறும்போது இரும்பு இழுக்கும் என்பது அவருக்குத் தெரியும். போல்ட் தலையில் அதன் வலிமையைக் குறிக்கும் 8.8 என்ற எண் பொறித்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வார்.

இவ்வளவு பார்த்துச் செய்தவரும், வீதி அதிர சைலன்சர் மாட்டித் திரியும் பையனும் சாலைச் சோதனையில் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படி அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. எது அடிப்படை அம்சம் என்பதோ, பெரும்பாலும் வண்டியை நிறுத்தியவரின் கணிப்புக்கு விடப்படுகிறது.

கட்டுப்பாடே வேண்டாம் என்பதல்ல வாதம். நியூசிலாந்தின் பர்ட் மன்ரோ, 1920ஆம் ஆண்டு இந்தியன் ஸ்கவுட் பைக்குக்குத் தன் கொட்டகையிலேயே பிஸ்டன் வார்த்தவர். 1967இல், 68ஆவது வயதில், மணிக்கு சுமார் 296 கி.மீ. வேகத்தைத் தொட்டு 1,000 சிசிக்கு உட்பட்ட பிரிவில் சாதனை படைத்தார். அவர் ஓட்டியது அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில். நம்மவர் ஓட்டப்போவது பள்ளிக்கூடம் விடும் தெருவில்.

ஆகவே தேவை, பரிசோதனை. பிரிட்டனில் தனிநபர் கட்டிய பைக்கையும், பெருமளவு மாற்றிய பைக்கையும் ஒற்றை வாகன ஒப்புதல் முறையில் சோதித்துச் சாலைக்கு விடுகிறார்கள். ஜெர்மனியில் மாற்றத்தை நிபுணர் ஆராய்ந்து ஏற்றால், அது வண்டியின் ஆவணத்திலேயே பதிவாகிவிடும்.

நம் ஊருக்கும் இது அந்நியமல்ல. மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழக அரசு வழங்கும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டர், கம்பெனி வண்டியில் கூடுதல் சக்கரம் பொருத்தியதுதானே! அவர்களுக்காக வண்டியை மாற்றியமைக்கச் சட்டமே வழிவிட்டிருக்கிறது. அந்த வழியைக் கொஞ்சம் அகலப்படுத்தலாம். பிரேக், சக்கர நேர், வெல்டிங் ஆகியவற்றைச் சோதிக்கும் பொறுப்பை ஆய்வகம் உள்ள பாலிடெக்னிக்குகளிடம் தந்து, செலவை உரிமையாளரிடமே வசூலித்து, தேறிய வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் அதைக் குறித்துக் கொடுக்கட்டும். சைலன்சர் சத்தத்துக்கு மட்டும் எந்தச் சலுகையும் வேண்டாம்.