மலைப்பாதையும் மோட்டாரின் மூப்பும்

வேலூரிலிருந்து சித்தூர் வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் யாத்திரிகர்களின் கார்களுள் பல, பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்தவை. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையிலுள்ள சுமார் 70 கிலோமீட்டரைக் குறையின்றிக் கடக்கும் அத்தகைய கார், திருமலை ஏற்றத்தில் திணறுவதுண்டு. உடனே, "யந்திரம் கிழடாகிவிட்டது, பிரித்துத்தான் ஆகவேண்டும்" என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். அளந்து பாராமல் கூறப்படும் இத்தீர்ப்பு வீண் செலவுக்கே வழி என்பது நமது கருத்து.

மலை கேட்பது எவ்வளவு என்பதை முதலில் காண்போம். திருமலைக்கு முதல் மலைப்பாதை 1944-இல் அமைந்தது. 1974-இல் இரண்டாவது பாதை திறந்தபின், வண்டிகள் புதிய பாதையில் ஏறிப் பழைய பாதையில் இறங்குகின்றன. ஆட்களும் மூட்டைகளுமாக 1,300 கிலோ எடையுள்ள காரை 700 மீட்டர் உயரத்துக்கு அரைமணியில் ஏற்றுவதற்கு, புவியீர்ப்பை வெல்ல மட்டும் சராசரி 7 குதிரை சக்தி இடைவிடாது தேவை. பத்துக்கு ஒன்று என்ற சரிவில் அதே வேகத்தைக் காக்க இருமடங்கும் வேண்டும். சமவெளியில் இக்கூடுதல் பளு இல்லாமையால் யந்திரத்தின் குறை மறைந்து கிடக்கிறது. அன்றியும், உயரே செல்லச் செல்லக் காற்று மெலிவதால், டர்போ இல்லாத யந்திரம் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 1 சதவீதம் சக்தியை இழக்கும். புதிய காருக்கும் இது பொருந்தும். மூப்பின்மேல் இப்பழியைச் சுமத்தலாகாது.

மெய்யான தேய்மானம் எங்கே நிகழ்கிறது? பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரின் மேற்புறத்தில் திரும்புமிடத்தில் எண்ணெய்ப் படலம் மிக மெல்லியது; உஷ்ணமும் அழுத்தமும் அங்கேதான் மிகுதி. பழுதான வடிகட்டி வழியே புகும் தூசி அங்கே உராய்ந்து சுவரைத் தின்னும். வளையம் தளர்ந்தால் வாயு கீழே கசியும். வால்வு சரியாக மூடாவிட்டால் மேலே கசியும். இருவழியிலும் அமுக்கம் குறைந்து சக்தி குன்றும்.

ஆயினும், திணறும் கார் எல்லாம் தேய்ந்த கார் அன்று. அடைபட்ட காற்று வடிகட்டி, தேய்ந்த ஸ்பார்க் பிளக், நழுவும் கிளட்ச், விடாது பிடித்திருக்கும் பிரேக் ஆகியவையும் அதே அறிகுறியைக் காட்டும். இவற்றைச் சீர்செய்ய யந்திரத்தைப் பிரிக்க வேண்டியதில்லை. அம்பாசடர் காலத்தில் சிலிண்டரைப் போர் செய்வது வழக்கமான வேலையாக இருந்தது. அக்கார் 2014-இல் உற்பத்தி நின்றுபோயிற்று. அக்காலத்து எண்ணம் மட்டும் நிற்கவில்லை. நல்ல எண்ணெயும் வடிகட்டியும் காலந்தவறாது பெற்ற இன்றைய யந்திரம், ஒரு லட்சம் கிலோமீட்டருக்குப் பின்னும் தன் சக்தியில் பெரும்பகுதியைக் காத்துக்கொள்ளும்.

உண்மையை அறிய எளிய சோதனை உண்டு. பட்டறைகளில் கம்ப்ரஷன் எனப்படும் அமுக்கத்தை ஒரு மானியால் ஒவ்வொரு சிலிண்டரிலும் அளப்பதே அது. நலமுள்ள பெட்ரோல் யந்திரத்தில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 முதல் 14 கிலோ காணும். சிலிண்டர்களுக்கிடையே மிகுந்த வேற்றுமை கூடாது. குறைந்துள்ள சிலிண்டரில் ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தால் நோயின் இடமும் புலப்படும். அழுத்தம் உயர்ந்தால் வளையத்தில் குறை. உயராவிட்டால் வால்விலோ கேஸ்கட்டிலோ குறை. (எண்ணெய் விடும் முறை டீசல் யந்திரத்துக்கு ஏற்றதன்று.)

ஆண்டுக்கொரு முறை இவ்வளவை எடுத்து, பராமரிப்புப் புத்தகத்தில் குறித்துத் தரும் வழக்கம் பட்டறைகளில் ஏற்படவேண்டும். உடைமையாளரும் அதனைக் கேட்டுப் பெறவேண்டும். புகைச் சோதனைச் சான்று இதற்கு ஈடாகாது. மலையடிவாரமான அலிபிரியை அடைந்தபின் பிளக்குகளைக் கழற்றிச் சோதிக்க நேரம் இராது. ஊரிலிருந்து புறப்படுமுன் செய்யவேண்டிய காரியம் இது. எண் தாழ்ந்திருந்தால் அக்காரைக் குடும்பத்துடன் மலையேற்றி வளைவில் நின்றுபோகும்படி விடாமல், அடிவாரத்தில் நிறுத்திப் பஸ்ஸில் செல்வதே அறிவுடைமை. எண் சரியாக இருந்தால், பிரித்துப் போடச் சொல்பவரிடம் அதனையே காட்டிக் காரணம் கேட்கலாம். காரின் வயதை உரைப்பது பதிவுச் சான்றின் தேதியன்று, அழுத்தமானியின் முள்ளே.