மூன்று ஊசியோடு முடிந்ததா?

 

என்னிடம் ஓதும் மாணவி ஒருத்தியின் தாயார் சென்ற மாதம் வீடு தேடி வந்தார். கணவர் மத்திய கிழக்குக்குப் போவதற்காக மெடிக்கல் செய்தபோது, அவரது இரத்தத்தில் ஹெபடைடிஸ் பீ கிருமி இருப்பது தெரியவந்ததாம். ஈரலைத் தாக்கும் செங்கண்மாரி வகை அது. மனைவியையும் சோதித்து, தொற்று இல்லையென்று கண்டு, ஆறு மாதத்துக்குள் மூன்று தடுப்பூசிகளும் ஏற்றிவிட்டார்கள். இப்போது வைத்தியர் மீண்டும் இரத்தம் சோதிக்கச் சொல்கிறார்.

"மௌலவி, ஊசியெல்லாம் போட்டாச்சு. இனியும் சோதிப்பது தவக்குல் இல்லாத வேலையல்லவா?" என்று கேட்டார்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டே அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். கட்டிய முடிச்சு இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பதும் கட்டுவதில் சேர்ந்ததுதானே!

வைத்தியர் ஒருவரிடம் விசாரித்தேன். ஊசி ஏற்றிய எல்லோருக்கும் இச்சோதனை தேவையில்லை. பெரும்பாலானோருக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாகிவிடும். ஆனால் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு அது போதியளவு உண்டாவதில்லை. ஆகவே நோயாளியின் துணைவர், தாதியர், இரத்தச் சுத்திகரிப்புச் செய்வோர் ஆகியோர் கடைசி ஊசிக்குப் பின் ஒன்று அல்லது இரண்டு மாதத்தில் சோதிக்க வேண்டும். அளவு 10 அலகோ அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்பு உண்டு. குறைந்தால் மீண்டும் ஊசி ஏற்றுவார்கள். அதுவரை தாம்பத்தியத்தில் வைத்தியர் கூறும் தடுப்பு முறையைப் பேணுவது அவசியம்.

தாய்க்கு இத்தொற்று இருந்தால், பிள்ளை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் இம்யூனோகுளோபியூலின் ஊசியும் ஏற்ற வேண்டும். அப்பிள்ளையின் இரத்தத்தை ஒன்பது மாதத்துக்குப் பின் சோதிப்பார்கள்.

விடைபெறும்போது அந்தச் சகோதரி தயங்கியபடி, "அவருடைய பீங்கானையும் கோப்பையையும் வேறாக வைத்திருக்கிறேன்" என்றார். எனக்கு மனம் நொந்தது. இந்நோய் இரத்தத்தாலும் உடலுறவாலும் பிரசவத்தின்போதும் தொற்றுமேயன்றி, ஒரே சஹனில் சாப்பிடுவதால் தொற்றாது. சவர அலகையும் பல் துலக்கும் பிரஷ்ஷையும் வேறாக வைத்தால் போதும். தேவையான இடத்தில் சோதிக்கத் தயங்கி, தேவையில்லாத இடத்தில் கணவரை ஒதுக்கியிருக்கிறார்!

போன வாரம் மீண்டும் வந்தார். அளவு பத்துக்குக் குறைவாம். மறுபடியும் ஊசி தொடங்கிவிட்டார்கள். "பார்க்காமல் இருந்திருந்தால், பாதுகாப்பு இருக்கிறதென்றே எண்ணியிருப்பேன்" என்றார். பீங்கான்களை ஒன்றாக அடுக்கிவிட்டதாகவும் சொன்னார்.

அல்லாஹ் அக்குடும்பத்துக்கும் நம் அனைவருக்கும் ஆபியத்தைத் தருவானாக. ஆமீன்.