‘எனக்குத் தெரியாது’ என்று சத்தமாகச் சொல்லுங்கள்!

எழுபதாயிரம் ரூபாய். சில வீடுகளில் அது இரண்டு மாதச் சம்பளம். சில வீடுகளில் ஏலச்சீட்டு எடுத்த பணம். காலேஜ் சேர்ந்த பிள்ளை ஒரு வருஷமாக நச்சரித்து, பாட்டியைச் சிபாரிசுக்குப் பிடித்து, கடைசியில் அப்பா மசிந்து, ‘கேமிங் கம்ப்யூட்டர்’ வாங்கக் கிளம்புகிறார்கள். ஸ்கூட்டர் வாங்கும்போது மைலேஜிலிருந்து சீட் கவர் வரை குடைந்து குடைந்து கேட்ட அதே அப்பா, இந்தக் கடையில் மட்டும் வாயே திறப்பதில்லை. கடைக்காரர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறார். ‘எதையாவது கேட்டு, நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு தெரிஞ்சுட்டா தலையில கட்டிடுவானே’ என்று பயம்.

தமாஷ் என்னவென்றால், தலையாட்டினாலும் தலையில்தான் கட்டுகிறார்கள்.

நான் சொல்வது நேர் எதிர். கடைக்குள் நுழைந்ததும் முதல் வாக்கியமாக, ‘எனக்கு ஹார்டுவேர் பற்றி ஒன்றும் தெரியாது’ என்று சொல்லுங்கள். கூச்சப்படாமல் சொல்லுங்கள். முடிந்தால் எழுதியே கொடுங்கள். ஏன் என்று வருகிறேன். அதற்கு முன்னால், கடையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

‘ஐ7 பிராசஸர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ், கேமிங் பிசி. அள்ளிட்டுப் போங்க!’

இந்த மாதிரி விளம்பரம் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அதுதான் இதன் விசேஷம்.

ஐ7 என்பது ஒரு பிராசஸரின் பெயர் இல்லை, ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். முதல் ஐ7 வந்தது 2008-ல். அதற்குப் பிறகு தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டே இருந்தது. 2011-ல் வந்த ஐ7-2600-ம் ஐ7தான். ஆனால் 2022-ல் வந்த ஐ3-12100, விலை குறைந்த ரகம், அதை ஓட ஓட விரட்டும். பழைய கார் வாங்கப் போனால் ‘எந்த வருஷத்து மாடல்?’ என்பதுதானே நம் முதல் கேள்வி? கம்ப்யூட்டர் கடையில் மட்டும் ‘ஐ7’ என்றதும் கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

அடுத்தது, ‘4 ஜிபி கிராபிக்ஸ்’. இது கிராபிக்ஸ் கார்டில் இருக்கும் மெமரியின் அளவு. குடோன் எவ்வளவு பெரிசு என்று சொல்கிறார்கள். உள்ளே வேலை செய்ய எத்தனை ஆள் இருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. இப்படிப்பட்ட செட்டுகளில் அடிக்கடி தலைகாட்டுவது ஜிடி 730 என்ற கார்டு. 2014-ல் வந்தது. அந்த ஒரே பெயரில் உள்ளே வெவ்வேறு சரக்கோடு பல வகை உண்டு. அதில் நல்ல வகைக்குக்கூடப் புதுக் கேம்களுக்கான டிரைவர் வருவது 2021-லேயே நின்றுபோனது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு மேல்தான் அதிகாரபூர்வ அனுமதி. விண்டோஸ் 11-ல் வாலரன்ட் விளையாட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகள் வேண்டும். 2011-ஆம் வருஷத்து மதர்போர்டில் இதற்கெல்லாம் எங்கே போவது? பழைய மெஷினை ‘பழசு, ஆபீஸ் வேலைக்கு’ என்று சொல்லி, பழைய விலைக்கு விற்றால் கடைக்காரருக்கு ஒரு சலாம். அதன்மேல் ‘கேமிங்’ என்று ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் அயோக்கியத்தனம்.

‘நாங்க பழசு வாங்கலை சார். எழுபதாயிரம் குடுத்து புதுசுதான் வாங்கறோம்’ என்கிறீர்களா? நடுத்தர பட்ஜெட்டில் வித்தை இன்னும் நாசூக்கானது.

கேம் விளையாடும் கம்ப்யூட்டரில் திரையில் ஓடும் காட்சிகளை வரைவது கிராபிக்ஸ் கார்டு. மானிட்டர் நீங்கலாக நீங்கள் செலவழிக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், பாதி வரைகூட, அதற்குத்தான் போக வேண்டும். பிராசஸர், சமீபத்திய தலைமுறையில் ஆறு கோர் உள்ள ரைசன் 5 அல்லது ஐ5 இருந்தால் இந்த பட்ஜெட்டுக்குத் தாராளம். ஆனால் அப்பாவுக்குத் தெரிந்த பெயர் ஐ7 ஆயிற்றே! எனவே பெத்த பேருக்குப் பெரிய பிராசஸரைப் போட்டு, கிராபிக்ஸில் கை வைக்கிறார்கள்.

ரேம் 16 ஜிபி என்றால், இரண்டு எட்டு ஜிபியாகப் போட்டால் இரண்டு வழியாகத் தகவல் போய்வரும். ஒரே பதினாறாகப் போட்டால் ஒரு வழிதான். கேட்டால் ‘பதினாறு பதினாறுதானே சார்’ என்பார்கள். எல்லாவற்றையும்விட மோசம் பவர் சப்ளை. எவரும் கேட்காத பாகம் என்பதால் மிச்சம் பிடிக்க வசதியான பாகம். ஊர் பேர் தெரியாத டப்பாவில் ‘500 வாட்’ என்று அச்சடித்திருக்கும். அது போகும்போது தனியாகப் போகாது, மதர்போர்டையும் கூட அழைத்துக்கொண்டு போகலாம். இத்தனை ஓட்டைகளையும் மறைக்கக் கண்ணாடிப் பெட்டி, கல்யாண மண்டப சீரியல் லைட் மாதிரி கலர் கலராக ஃபேன். பையன் அசந்துவிடுகிறான். அப்பா பர்ஸை எடுத்துவிடுகிறார்.

2025-ன் கடைசி மாதங்களில் இன்னொரு இடி விழுந்தது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டு போனதில், ரேம் விலை இரண்டு மடங்குக்கு மேல் எகிறியது. மைக்ரான் கம்பெனி, நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த ‘க்ரூஷியல்’ வியாபாரத்தையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஒரு பாகத்தின் விலை இப்படி ஏறும்போது, மொத்த விலையை ஏற்றாமல் காட்ட வேண்டுமானால் இன்னொரு பாகத்தில் குறைத்தாக வேண்டும். எங்கே குறைப்பார்கள்? நீங்கள் பார்க்காத இடத்தில்தான்.

சரி, இதையெல்லாம் கற்றுக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டுமா?

‘ஆமாம்’ என்கிறார்கள் விஷயம் தெரிந்தவர்கள். ஏமாந்து வந்தவனிடம் இவர்கள் கேட்கும் முதல் கேள்வி: ‘ஹோம்வொர்க் பண்ணாம ஏன் போன?’ எனக்கு இவர்கள்மேல்தான் கடைக்காரரைவிட அதிகக் கோபம்.

நகைக்கடைக்குப் போகும்முன் உலோகவியல் படிக்கிறோமா? ஹால்மார்க் இருக்கிறதா என்று பார்க்கிறோம். 2021 ஜூனில் அதைக் கட்டாயமாக்க ஆரம்பித்தார்கள். ‘தங்கத்தை உரசிப் பார்க்கத் தெரியாதவன் ஏன் நகை வாங்கப் போனே?’ என்று எவரும் கேட்பதில்லை. கம்ப்யூட்டர் வாங்குகிறவன் மட்டும் இன்ஜினீயராக இருக்க வேண்டுமா?

தயாரிக்கிற கம்பெனிகளே பெயரில் விளையாடுகின்றன. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 முதலில் 8 ஜிபியோடு வந்தது. 2024-ல் 6 ஜிபியில் ஒன்று வந்தது. குறைந்தது மெமரி மட்டுமில்லை. உள்ளே கணக்குப் போடும் கோர்கள் 2560-லிருந்து 2304 ஆகிவிட்டன. மெமரிக்குப் போகும் பாதையும் குறுகிவிட்டது. பெயர் மட்டும் அதே 3050. கொட்டேஷனில் ‘3050’ என்று மொட்டையாக எழுதினால் நீங்கள் எதை வாங்குகிறீர்கள்? 2022-ல் இதே கம்பெனி ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு கார்டுகளை அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும், ஒன்றின் பெயர் சரியில்லை என்று அக்டோபரில் வாபஸ் வாங்கியது. விஷயம் தெரிந்தவர்களையே குழப்பும் வியாபாரம் இது. இதில் புதிதாக வருகிறவனைக் குற்றம் சொல்வது என்ன நியாயம்?

இப்போது சட்டத்துக்கு வருகிறேன்.

பி.காம் படித்தவர்களுக்கு மெர்க்கன்டைல் லா பேப்பர் நினைவிருக்கும். ‘கேவியட் எம்ப்டார்’ என்று ஒரு லத்தீன் வாக்கியம். ‘வாங்குகிறவனே, உஷார்’ என்று அர்த்தம். பல பேர் அந்த ஒரு வரியோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள், வியாபாரிகள் உட்பட. 1930-ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவில் அதற்கு விதிவிலக்கு இருக்கிறது. இன்ன காரியத்துக்கு இந்தப் பொருள் வேண்டும் என்று சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி நீங்கள் வாங்கினால், அவரும் அந்தச் சரக்கை விற்பதையே தொழிலாகக் கொண்டவராக இருந்தால், பொருள் அந்தக் காரியத்துக்கு நியாயமான அளவுக்குப் பொருத்தமாக இருந்தே ஆக வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் இது எழுதப்பட்ட மாதிரிதான்.

இங்கிலாந்தில் 1903-ல் ஒரு வழக்கு. மருந்துக் கடையில் ஒத்தடம் கொடுக்கும் வெந்நீர்ப் பை வாங்கினார் ஒருவர். அது வெடித்து அவர் மனைவிக்குக் காயம். வாங்கியவர் ரப்பர் நிபுணர் இல்லை, கடைக்காரரை நம்பி வாங்கியிருக்கிறார் என்று அவர் பக்கம் தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பில் அவருடைய அறியாமை அவருக்குப் பலமாக நின்றது.

அதே 16-ஆம் பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது. வியாபாரப் பெயரைச் சொல்லி, இன்ன பொருள்தான் வேண்டும் என்று வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அதாவது, எல்லாம் தெரிந்த மாதிரி ‘ஐ7-ம் 3050-ம் போட்டுக் குடுப்பா’ என்று பந்தா பண்ணினால், உங்கள் பாதுகாப்பை நீங்களே கழற்றி கவுன்ட்டரில் வைத்துவிடுகிறீர்கள். ‘தெரியாது’ என்று சொல்கிறவருக்குத்தான் சட்டம் துணை நிற்கிறது.

அதோடு, காரியம் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். இங்கேதான் நம் குடும்பங்கள் கோட்டை விடுகின்றன. ‘என்ன யூஸுக்கு சார்?’ என்று கடைக்காரர் கேட்டதும், அப்பா அவசரமாக ‘படிப்புக்குத்தான்’ என்கிறார். கேம் என்று சொல்ல வெட்கம். படிப்புக்கு என்று சொல்லி வாங்கிய மெஷினில் கேம் ஓடவில்லை என்றால் எந்த முகத்தோடு போய்ச் சண்டை போடுவீர்கள்? 2025-ல் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்த நாடாளுமன்றம், அதே சட்டத்தில் இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரித்திருக்கிறது. பிள்ளை எத்தனை மணி நேரம் விளையாடலாம் என்பதை வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். கடையில் உண்மையைச் சொல்லுங்கள்.

கடைக்கு வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்:

‘எனக்கு ஹார்டுவேர் தெரியாது. கேம் விளையாடத்தான் கம்ப்யூட்டர். 1080பி மானிட்டரில் இந்த மூன்று கேம்களும் மீடியம் செட்டிங்கில் விநாடிக்கு 60 ஃபிரேமுக்குக் குறையாமல் ஓட வேண்டும். மானிட்டர், வரி எல்லாம் சேர்த்து பட்ஜெட் 70,000. நீங்களே தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் கம்பெனி, முழு மாடல் நம்பர், புதுசா பழசா, வாரன்டி எத்தனை வருஷம் என்று எழுதி கொட்டேஷன் அனுப்பவும்.’

கேம்களின் பெயரை எழுத மறக்காதீர்கள். பிராசஸர், மதர்போர்டு, ரேம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி, பவர் சப்ளை, கேபினட், மானிட்டர் என எட்டு வரி வர வேண்டும். ‘குட் குவாலிட்டி எஸ்எம்பிஎஸ்’ என்று வந்தால் திருப்பி அனுப்புங்கள். எட்டு வரியும் முழுசாக வந்துவிட்டால், சென்னையில் ரிச்சி தெருவிலேயே அடுத்த கடையில் அதே எட்டு வரிக்கு விலை கேட்கலாம். மாடல் நம்பர் இல்லாத கொட்டேஷனை எதோடும் ஒப்பிட முடியாது. ஒப்பிட முடியாத இடத்தில் போட்டியும் கிடையாது, நியாய விலையும் கிடையாது.

வியாபாரிகள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘மாடல் நம்பர் எழுதிக் குடுத்தா, ஆன்லைன்ல விலை பார்த்துட்டு அங்கேயே வாங்கிடறாங்க சார். நாங்க ஒரு மணி நேரம் விளக்கினது வீண்’ என்கிறார்கள். உண்மைதான். ஆலோசனைக்கும் அசெம்பிள் செய்யும் உழைப்புக்கும் கூலி வேண்டும். அதை வெளிப்படையாக ஒன்பதாவது வரியாக எழுதுங்கள் ஐயா! ‘சர்வீஸ் சார்ஜ் இரண்டாயிரம்’ என்று போடுங்கள், கொடுக்கிறோம். வாங்குகிறவர்களும் அந்த வரியைப் பார்த்து மூஞ்சியைச் சுளிக்கக் கூடாது. கூலியைக் கேட்க வாய் வராமல் பவர் சப்ளையில் ஒளித்து எடுப்பதுதான் எனக்கு ஆட்சேபம்.

கடைசி வலை ஒன்று இருக்கிறது. ‘பில் வேணாம்னா 18 பர்சன்ட் ஜிஎஸ்டி மிச்சம் சார்!’ அப்படி மிச்சம் பிடித்தால், அந்தக் கடையில் நீங்கள் பொருள் வாங்கியதற்கே சாட்சி இல்லை. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. பழைய சரக்கைப் புதுசு என்று விற்பதும் அப்படியே. முக்கியமான பாகங்களின் சீரியல் நம்பரோடு பில் வாங்குங்கள். பணம் முழுதாகக் கொடுக்கும்முன் கடையிலேயே கேமை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

அப்படியும் ஏமாற்றினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்ச ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார் கட்டணமே கிடையாது. கையில் அந்த வாட்ஸ்அப் செய்தி, கொட்டேஷன், பில் மூன்றும் இருக்கட்டும்.

இதைப் படித்துவிட்டு, உஷாரான கடைக்காரர்கள் சிலர் ‘எழுதியெல்லாம் தர மாட்டோம்’ என்பார்கள். சந்தோஷமாக அடுத்த கடைக்குப் போங்கள். எழுபதாயிரம் ரூபாய்க்கு எட்டு வரி எழுத மறுக்கிறவர், தான் என்ன விற்கிறோம் என்பதை உங்களுக்குச் சொல்லிவிட்டார்.