சுழி பார்த்து வாங்குங்கள்

மாடு வாங்கச் செல்பவர் சுழி பார்ப்பார், பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நடக்கவிட்டும் பார்ப்பார். மடிக்கணனி வாங்கச் செல்லும் நாமோ, பெட்டியின் பளபளப்பைக் கண்ட மாத்திரத்திலேயே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகின்றோம். அண்மையில் நாமே அவ்விதம் அகப்பட்டுக்கொண்ட கதையை, வாசகர்களுக்குப் பயன்படுமென்று கருதி இங்கு கூறத் துணிகின்றோம்.

பல்கலைக்கழகத்திற் பயிலும் எமது தங்கையின் மகனுக்காக வாங்கிய கணனி அது. பணம், அவள் சீட்டுக் கட்டிச் சேர்த்தது. கடையிலிருந்த புத்தம் புதிய மாதிரியையே தெரிந்து கொடுத்தவர் நாம். பையனோ அதில் ஓப்பன்பிஎஸ்டி என்னும் இயங்குதளத்தை ஓட்டிப் பார்க்க விரும்பினான்.

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்த யுனிக்ஸ், பின்னர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திற் கிளைவிட்டு வளர்ந்தது. அக்கிளையின் வழிவந்ததே ஓப்பன்பிஎஸ்டி. கனடாவின் கல்கரி நகரைச் சேர்ந்த தியோ டி ராட் 1995ஆம் ஆண்டில் இதனைத் தொடக்கினார். பேத்தை மீன் இதன் சின்னம். விலை கிடையாது; மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். தொலைவிலுள்ள கணனிகளோடு பாதுகாப்பாகத் தொடர்புகொள்ள உலகெங்கும் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எச், 1999ஆம் ஆண்டில் இக்குழுவினர் அளித்த கொடையே.

நிறுவும் வேலை அரைமணி நேரத்தில் முடிந்தது. திரை ஒளிர்ந்தது, விசைப்பலகை வேலை செய்தது, வைபை மாத்திரம் அசையவில்லை. கணனி விழித்தெழும்போது தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதும் பட்டியல் ஒன்றுண்டு. அதனைப் பையன் வாசித்தான். வைபைச் சில்லின் பெயருக்கு எதிரே, 'அமைக்கப்படவில்லை' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"அண்ணை, காசு வீணாய்ப் போச்சோ?" என்று தங்கை கேட்டாள். நாம் வாய் திறக்கவில்லை.

பிழை இயங்குதளத்தினது அன்று. ஒவ்வொரு சில்லுக்கும் அதனை இயக்கும் நிரலொன்றை யாராவது எழுதவேண்டும். சில உற்பத்தியாளர் அதற்கு வேண்டிய விபரங்களை வெளியிடுவதில்லை. அந்நிலையில், ஆர்வலர்கள் தாமாகவே ஆராய்ந்து எழுதும்வரை காத்திருக்க நேரிடுகின்றது. ஆகவே, சில்லு எவ்வளவு புதிதோ அவ்வளவு தொல்லை.

நல்லவேளையாகப் பையன் எம்மிலும் புத்திசாலி. கணனியுடன் வந்த இயங்குதளத்தை அழிக்காமல், தனியானதொரு யூஎஸ்பி தட்டிலேயே புதியதை நிறுவியிருந்தான். தாயாருக்கு அதனைக் காட்டிய பின்னரே அவள் முகம் தெளிந்தது. பின்னர் கைத்தொலைபேசியை வடத்தினால் இணைத்து, அதன்வழி இணையம் பெற்று, அந்தப் பட்டியலை ஓப்பன்பிஎஸ்டி குழுவினருக்கு மின்னஞ்சலில் அனுப்பினான். அவர்கள் அத்தகைய பட்டியல்களை விரும்பிக் கேட்பவர்கள். ஏறக்குறைய ஆறு மாதங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பும் வெளிவருகின்றது. அதுவரை வடமே துணை.

மாணவ மணிகளே, இத்தகைய இயங்குதளத்தில் நாட்டமிருந்தால், வாங்குமுன் வைபைச் சில்லின் பெயரைக் கேட்டறிந்து, அதற்கு ஆதரவுண்டா எனப் பாருங்கள். ஓரிரு ஆண்டுகள் பழைய மாதிரியை வாங்குவதில் வெட்கமில்லை. பெரும்பாலும் அதுவே சொன்னபடி கேட்கும். பெற்றோரே, பிள்ளை அதைக் கேட்டால் தடுக்காதீர்கள். நாம் தெரிந்த புதுமைக்கு எமது தங்கை கூடுதலாகக் கொடுத்த பணத்தை எண்ணியே இதனை எழுதுகின்றோம்.